நாற்பது நிமிஷ மோட்டார்

குருசுக்குப்பம், புதுச்சேரி
19-8-2002

மரியாதைக்குரிய ஆலேன் மாமாவுக்கு, உங்கள் மச்சான் தணிகாசலம் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சின்னப்பாப்பாவும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று மறக்காமல் எழுதவும்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் கப்பல் இன்ஜின் அறையில் முப்பது வருஷம் நின்று உங்கள் காது போய்விட்டது. ராஜாம்பாள் அக்காவிடம் மோட்டார் பேச்சை எடுத்தால், "அதெல்லாம் எனக்கென்னடா தெரியும், மீனு கெடச்சுதா?" என்கிறாள். அதனால் மோட்டார் சங்கதி எல்லாம் இனி கடிதத்தில்தான்.

கண்டெய்னரில் படகு மோட்டார் வந்து இறங்கிய அன்று குப்பமே கூடிவிட்டது. இருபத்தைந்து குதிரை, வெள்ளைப் பெயிண்ட், பளபள என்று இருக்கிறது. பழசு என்று நீங்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை. என் கூட்டாளி கொளஞ்சியை உங்களுக்கு நினைவிருக்கும், அம்மா செத்தபோது பந்தல் போட்டானே, அவன்தான். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "பிரான்சு மாமா குடுத்தது, பாத்தியா?" என்று காட்டுகிறான். நீங்கள் அவனுக்கு மாமன் முறையே இல்லை, ஆனாலும் மாமா மாமா என்று உருகுகிறான்.

மாமா, நான் அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை. இருபத்தாறு வருஷம் உங்கள் முகத்தில் முழிக்கவில்லை. அம்மா காரியத்துக்கு நீங்களாக வந்து, என் தோளில் கை போட்டு, "ஒனக்கு ஒரு மோட்டார் அனுப்பறேன் மச்சான்" என்றீர்கள். சொன்னபடி செய்தும் விட்டீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஒரே ஒரு குறை. கரையில் முதல் இழுப்பிலேயே எடுக்கிறது. நாற்பது நிமிஷம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் இருமுகிறது, விட்டு விட்டு அடிக்கிறது, நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் சும்மா கிடந்தால் மறுபடி எடுக்கிறது. பெட்ரோல் புதிது. ஆயில் கலவை நீங்கள் ஒட்டி அனுப்பிய சீட்டுப்படிதான். எட்டுத் தடவை போனோம், ஆறு தடவை நின்றது. என்ன செய்யலாம் என்று எழுதவும்.

உங்கள் அன்பு மச்சான்,
தணிகாசலம்


தூலோன், பிரான்சு
4-9-2002

அன்புள்ள தணிகாசலத்துக்கு ஆலேன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் சுகமே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ராஜாம்பாளுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் இனிப்பை ஒளித்து வைத்துத் தின்கிறாள்.

சூடானால் நின்று, ஆறினால் எடுக்கிறது என்றால் அது பெட்ரோல் கோளாறு இல்லை, கரண்ட் கோளாறு. பதறாமல் ஒவ்வொன்றாகப் பார். நாங்கள் கப்பலில் பூஜி என்போம், உங்களுக்கு அது பிளக். இரண்டு பிளக்கையும் கழற்றி, கரியைச் சுரண்டி, துடைத்து மாட்டு. பிறகு ஒன்றை வெளியே எடுத்து, வயரோடு சேர்த்து இன்ஜின் உடம்பில் படும்படி பிடித்துக்கொள். நிழலில் வைத்து, வேறொருவனைக் கயிறு இழுக்கச் சொல். பொறி நீலமாகச் சுள்ளென்று வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் கரண்ட் பற்றவில்லை. கரையில் ஒரு தடவை பார். கடலில் அது நின்ற அந்த நிமிஷமே இன்னொரு தடவை பார். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

தினமும் வந்தவுடன் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறீர்களா? உங்கள் ஊரில் கழுவ மாட்டார்கள், எனக்குத் தெரியும். உப்பு லேசுப்பட்டது இல்லை.

இன்னொன்று. சிவப்புக் கயிறு ஒன்று வைத்திருந்தேனே, அதை விளையாட்டுச் சாமானாக நினைக்காதே. ஒரு முனையில் இருக்கும் கொக்கியைச் சிவப்புப் பொத்தானுக்குக் கீழே செருக வேண்டும். மறுமுனையை மோட்டார் பிடிப்பவன் மணிக்கட்டில் கட்ட வேண்டும். ஆள் விழுந்தால் கொக்கி கழன்று மோட்டார் நின்றுவிடும். அது இல்லாமல் எவனையும் மோட்டார் பக்கம் உட்கார விடாதே.

மேலே இருக்கும் பெரிய சக்கரத்தை, ஃபிளைவீலை, யாரும் தொட வேண்டாம். அதற்கு அடியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நானே திறந்து பார்த்தேன்.

சின்னப்பாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி.
ஆலேன்


குருசுக்குப்பம்
22-9-2002

மாமாவுக்கும் அக்காவுக்கும் தணிகாசலத்தின் வணக்கம். வீட்டில் எல்லாருக்கும் சளிக்காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது தேவலை. நீங்கள் குளிரில் ஜாக்கிரதையாக இருக்கவும்.

நீங்கள் எழுதியதைக் கொளஞ்சிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "படிக்கிறப்பவே சரியாப் போன மாதிரி இருக்குது. மோட்டாருக்குத்தான் படிக்கத் தெரியல" என்றான். கழுவவில்லை என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் முழுக்க அதன் தலையில்தான் போகிறது. சின்னப்பாப்பா சண்டை பிடிக்கிறாள்.

கரையில் பார்த்தோம், பொறி நீலம். கடலில் நின்றவுடன் பார்த்தோம். முதல் இழுப்பில் மஞ்சள், மங்கல். இரண்டாவது இழுப்பில் ஒன்றுமே இல்லை. ஆறியபின் மறுபடி நீலம். நீங்கள் கேட்ட மாதிரியே சொல்லிவிட்டேன்.

அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பொறி பார்த்துக்கொண்டிருந்தபோது விசைப்படகு ஒன்று நேராக எங்களைப் பார்த்து வந்தது. கத்தினோம், துண்டை வீசினோம். அதில் ஒருவரும் வெளியே இல்லை. மோட்டார் இல்லாமல் எங்களால் ஒரு முழம் நகர முடியவில்லை. கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் போயிற்று. கரைக்கு வந்ததும் கொளஞ்சி நேராக வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டான். அவனுக்கு இரண்டும் பெண் குழந்தைகள்.

முதலியார்பேட்டை மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கை வைத்த உடனே, "மேல் சக்கரத்துக்கு அடியில கரண்ட் எடுக்கிற காயில் இருக்கு, அதுலதான் கோளாறு. சுத்தியில ரெண்டு தட்டுத் தட்டினா சக்கரம் வந்துரும்" என்றார். நீங்கள் தொட வேண்டாம் என்று எழுதியிருந்ததால் நான் விடவில்லை. திறக்கலாமா? ஒரு வரி எழுதினால் போதும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தணிகாசலம்


தூலோன்
20-10-2002

அன்புள்ள தணிகாசலத்துக்கு, நாங்கள் இருவரும் சுகம். உங்கள் காய்ச்சல் முழுக்கப் போயிற்றா? பதில் தாமதம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெக்கானிக்கைக் கிட்டவே சேர்க்காதே. ஃபிளைவீலைச் சுத்தியால் தட்டினால் உள்ளே இருக்கும் காந்தம் உடைந்துவிடும். அதற்கென்று புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை வைத்து இழுத்தால்தான் சக்கரம் வரும். என்னிடம் இருக்கிறது. மே மாதம் விடுமுறையில், இங்கே வக்கான்ஸ் என்போம், ஊருக்கு வரும்போது கொண்டுவந்து நானே கழற்றிக் காட்டுகிறேன். அதுவரை அது இருக்கிறபடியே இருக்கட்டும். அங்கே கோளாறு இருக்க முடியாது.

புதுப் பிளக் நான்கும், வெளியே மாட்டுகிற இக்னிஷன் காயில் ஒன்றும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழையதைக் கழற்றி அதை மாட்டு. அதற்கும் சரியாகாவிட்டால் ஒன்று செய். சிவப்புப் பொத்தானிலிருந்து கருப்பு வயர் ஒன்று கரண்ட் பெட்டிக்கு வரும். அந்த வயர் நசுங்கியோ ஈரம் பட்டோ இருந்தால் தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். அதைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார். நிற்காமல் ஓடினால் வயர்தான் குற்றவாளி.

விசைப்படகு சமாசாரம் படித்து ராஜாம்பாள் அழுதாள். இப்படிப்பட்டதை எல்லாம் விவரமாக எழுதாதே. தூரம் போகாமல் கரையோரமாகவே மீன்பாடு பாருங்கள்.

எல்லாருக்கும் எங்கள் அன்பு.
ஆலேன்


குருசுக்குப்பம்
2-12-2002

என் அருமை மாமாவுக்கு, இங்கே எல்லாரும் சுகமோ சுகம். இந்த வார்த்தையை இவ்வளவு மனசாரச் சொல்லி ரொம்ப நாள் ஆயிற்று. நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும்.

மழையிலும் காற்றிலும் ஒரு மாதம் கடல் பக்கமே போக முடியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. பார்சல் பத்திரமாக வந்தது. பிளக் மாட்டினோம், நின்றது. காயில் மாட்டினோம், நின்றது. கடைசியில் நீங்கள் சொன்ன கருப்பு வயரைப் பிடுங்கினேன். மாமா, பன்னிரண்டு நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை! இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஓடுகிறது. போன வாரம் ஏழு பாகம் ஆழத்தையெல்லாம் தாண்டிப் போய் வலை விட்டோம்.

வயரைப் பிடுங்கியதால் சிவப்புப் பொத்தான் வேலை செய்யவில்லை. அதனால் என்ன? நிறுத்த வேண்டுமென்றால் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிடுகிறோம், கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கிறது. பன்னிரண்டு நாளில் அதுவும் பழகிவிட்டது.

கயிற்று விஷயத்தில் நீங்கள் கவலையே பட வேண்டாம். கொளஞ்சி அதை மணிக்கட்டில் கட்டாமல் மோட்டாரைத் தொட மாட்டான். கரைக்கு வந்தும் சில நாள் கழற்றுவதில்லை. "என்னடா, சாமிக் கயிறா?" என்று எல்லாரும் கிண்டல் பண்ணுகிறார்கள். "சாமி கைவுட்டாலும் இது கைவுடாது, மாமா சொல்லியிருக்காரு" என்கிறான். அவன் பெண்சாதி அஞ்சலாட்சிக்கும் இப்போதுதான் நிம்மதி. விசைப்படகு கதைக்கு அப்புறம் அவனைக் கடலுக்கு விட மாட்டேன் என்று நின்றவள், இந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் விட்டாள்.

ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து கோளாறு கண்டுபிடித்தீர்களே! குப்பத்தில் உங்கள் பேச்சுத்தான்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும்,
தணிகாசலம்


தூலோன்
27-12-2002

அன்புள்ள மச்சான் தணிகாசலத்துக்கு நொயேல், அதாவது கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், வரப்போகும் புது வருஷத்துக்கும் சேர்த்து. இங்கே சுகம். அங்கேயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. படித்துவிட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது. ராஜாம்பாளைக் கூப்பிட்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன். உடனே பதில் போடத்தான் நினைத்தேன். நொயேல் வேலை, விருந்தாள் என்று பதினைந்து நாள் ஓடிவிட்டது. மகள் க்ளெமான்ஸ் குழந்தையோடு வந்திருந்தாள். வீடு நிறைந்திருந்தது. ராஜாம்பாள் நெத்திலிக் குழம்பு வைத்தாள், மருமகன் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டான்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது என்றால் அதை அப்படியே வைத்துக்கொள். வேறு எதையும் திறக்க வேண்டாம். மே மாதம் வந்து ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடுகிறேன். உன் படகில் என்னையும் ஒரு நாள் கூட்டிப்போக வேண்டும்.

க்ளெமான்ஸின் குழந்தை படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

அந்தக் கருப்பு வயரைச் சோதனைக்குத்தான் கழற்றச் சொன்னேன். புது வயர் போட்டு மாட்டிவிடு. சிவப்புக் கயிறும் அந்த வயர் வழியாகத்தான் வேலை செய்கிறது.

எல்லாருக்கும் முத்தங்கள்.
ஆலேன்


தூலோன்
3-1-2003

ஆசைத் தம்பி தணிகாசலத்துக்கு அக்கா ராஜாம்பாள் எழுதுவது. நல்லா இருக்கியா? சின்னப்பாப்பாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்குள் இந்தக் கடிதம் கிடைத்தால் என் சார்பில் பிள்ளைகளுக்குக் கரும்பு வாங்கிக் கொடு.

மாமா மோட்டார் விஷயமாக எழுதி எழுதி வைப்பார், நான் தலையிட மாட்டேன். ஆனால் அது நன்றாக ஓடுகிறது என்று நீ எழுதியதிலிருந்து ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் கஞ்சன் என்று நினைப்பாய் என்று அவருக்குக் கூச்சம். எனக்கு அதில் பெருமைதான், அதனால் சொல்கிறேன்.

இங்கே துறைமுகத்தில் போன வருஷம் புயலில் ஒரு படகு மூழ்கிவிட்டது. பதினொரு நாள் கடலுக்கு அடியில் கிடந்து, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அதிலிருந்த மோட்டாரைச் சொந்தக்காரன் குப்பைக்குப் போடச் சொல்லிவிட்டான். இவர்தான், "என் மச்சானுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், இத நான் எழுப்பிக் காட்டறேன்" என்று காரில் போட்டுக்கொண்டு வந்தார். கராஜ் முழுக்கச் சேறு. பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் முக்கிவைத்தார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, பெட்ரோலில் ஊறப்போட்டு, என் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். முழங்கால் வலியோடு நாற்பது நாள் தரையில் உட்கார்ந்திருந்தார். மேலே இருக்கிற சக்கரம் ஒன்றுதான் வரவே இல்லை. புல்லர் வைத்து மூன்று நாள் இழுத்தும் துரு பிடித்து இறுகிக்கிடந்தது. கடைசியில் அதை அப்படியே விட்டுவிட்டு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்ந்த அன்று சின்னப்பிள்ளை மாதிரி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

நீ இருபத்தாறு வருஷம் என் வீட்டு வாசல் மிதிக்காததை அவர் ஒரு நாளும் பேசியதில்லை. உனக்காக இவ்வளவு செய்தார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

உன் அக்கா,
ராஜாம்பாள்


குருசுக்குப்பம்
21-1-2003

மாமாவுக்குத் தணிகாசலத்தின் வணக்கம். நானும் என் பெண்சாதி பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

கொளஞ்சி செத்துவிட்டான் என்று மட்டும் அக்காவிடம் போனில் சொன்னேன். எப்படி என்று உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

ஆறாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். பிள்ளைச்சாவடிக்கு நேர் கிழக்கே இருந்தோம். மழைக்காலம் முடிந்து அன்றைக்குத்தான் வெயில் சுட்டது. வயரைப் பிடுங்கியதால் இல்லை, குளிர்ச்சியால்தான் அது வரைக்கும் ஓடியிருக்கிறது. இத்தனை நாள் கழித்து மோட்டார் மறுபடி இருமியது, நின்றது. இழுக்கிற கயிறு முதல் நாளே அறுந்திருந்தது. அதனால் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேல் சக்கரத்தில் வேறொரு கயிற்றைச் சுற்றிக் கொளஞ்சி இழுத்தான். நான் முன்னால் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்திருப்பான். வேகத்தை முழுக்கத் திருகிவைத்திருந்தான். கியரில் கிடந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

திடீரென்று எடுத்தது. படகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. கொளஞ்சி மோட்டாருக்கு மேலாகக் கவிழ்ந்து பின்பக்கம் தண்ணீரில் விழுந்தான். சிவப்புக் கயிறு அவன் கையில்தான் கட்டியிருந்தது. கொக்கி கழன்றதை என் கண்ணால் பார்த்தேன். மோட்டார் நிற்கவில்லை.

பிடிக்க ஆள் இல்லாமல் படகு வட்டம் போட்டுத் திரும்பியது. அவனை நோக்கியே வந்தது. அவன் கையைத் தூக்கி, கயிற்றைக் காட்டி என்னமோ கத்தினான். நான் பின்னால் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். அப்புறம்தான் வயர் ஞாபகம் வந்து குழாயைப் பிடுங்கினேன். உள்ளே இருந்த பெட்ரோல் தீர்கிற வரைக்கும் ஓடத்தானே செய்யும். அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

பிள்ளைச்சாவடிக் கரையில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போயிற்று. மணிக்கட்டில் இருந்த கயிறு முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. அதோடுதான் எடுத்தோம்.

கயிறும் அந்த வயரும் ஒன்றுதான் என்று நீங்கள் எழுதிய கடிதம் பத்தாம் தேதி வந்தது. நான்கு நாள் கழித்து. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. வயரைத் திரும்ப மாட்ட வேண்டுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பஞ்சாயத்தில் விசாரித்தபோது, வயரை நானேதான் பிடுங்கினேன், யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மோட்டாரில் உங்களுக்குத் தெரிந்து ஏதாவது குறை இருந்ததா? இருந்தால் இருந்தது என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். அஞ்சலாட்சி முகத்தைப் பார்த்து நான் ஏதாவது பேச வேண்டியிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

தணிகாசலம்


தூலோன்
23-2-2003

அன்புள்ள தணிகாசலத்துக்கு, நீயும் சின்னப்பாப்பாவும் தைரியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு சுகம் இல்லை. ராஜாம்பாள் சுகம்.

ஒரு மாதமாக எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன். கொளஞ்சி மாதிரி ஒரு நல்லவனுக்கு இப்படி ஒரு முடிவு வந்திருக்க வேண்டாம். இங்கே கோயிலில் அவன் பெயருக்குப் பூசை கொடுத்தோம். ராஜாம்பாள் இன்னும் மனம் தேறவில்லை.

கப்பலில் நான் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கியரில் போட்டுக்கொண்டு இழுக்கக் கூடாது, வேகத்தைத் திருகி வைக்கக் கூடாது. அனுபவசாலிகளே இந்தத் தப்பைச் செய்கிறார்கள். அவன் மேல் குற்றம் என்று சொல்லவில்லை. அவன் விதி, கடலின் குணம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் கராஜை விட்டுப் புறப்படும்போது அந்த மோட்டார் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒவ்வொரு இடமாக நானே திறந்து பார்த்துத்தான் அனுப்பினேன். பழைய மோட்டார் என்பதை நான் மறைக்கவில்லை. இதை வைத்து உன் மனசை அலட்டிக்கொள்ளாதே.

அந்த மோட்டார் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் உனக்குத்தான் வருத்தம். பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. வேறு நல்லதாக ஒன்று பார்த்து அனுப்புகிறேன். மே மாதம் வர முடியுமா என்று தெரியவில்லை. முழங்கால் மிகவும் தொந்தரவு செய்கிறது.

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும்.
ஆலேன்


குருசுக்குப்பம்
12-3-2003

மாமாவுக்குத் தணிகாசலம் எழுதுவது. இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா ஜனவரி மூன்றாம் தேதி எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தாள். பதினேழாம் தேதி கைக்கு வந்தது. பதினொரு நாள் கடலுக்கு அடியில் கிடந்த மோட்டாரை நீங்கள் நாற்பது நாள் தரையில் உட்கார்ந்து துடைத்ததையும், மேல் சக்கரம் கடைசி வரை வராததையும், அதன் மேலேயே பெயிண்ட் அடித்ததையும் எழுதியிருந்தாள். உங்களைப் பெருமையாக நினைத்துத்தான் எழுதினாள். தான் என்ன எழுதினோம் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவளைத் திட்டாதீர்கள். எனக்கு இருக்கிறது அந்த ஒரு அக்காதான்.

நான் உங்களிடம் குறை இருந்ததா என்று கேட்டு எழுதியது இருபத்தொன்றாம் தேதி. அப்போதே எனக்கு எல்லாம் தெரியும். நீங்களாகச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அப்புறம் உங்களுக்குப் பதில் எழுதியிருப்பேன். நானே திறந்து பார்த்தேன் என்று இரண்டாவது தடவையும் எழுதிவிட்டீர்கள். முதல் தடவை எழுதியபோது கொளஞ்சி இருந்தான். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டான்.

முதலியார்பேட்டை மெக்கானிக் செப்டம்பரிலேயே சொன்னார். ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். வயரைப் பிடுங்கச் சொல்லி எழுதினீர்கள். வயர் இல்லாமல் ஓடுகிறது என்ற என் கடிதம் உங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் தேதி, பதில் போட்டது இருபத்தேழாம் தேதி. நெத்திலிக் குழம்பும் குழந்தை படமும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் வயரை எழுதினீர்கள். நான் அந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன்.

என் பங்கு என்னிடம் இருக்கிறது. பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றவன் நான்தான். அதை நான் யார் தலையிலும் ஏற்றவில்லை. வேறு மோட்டார் எதுவும் அனுப்ப வேண்டாம்.

போன வாரம் அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தாள். மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, மாமா சொன்ன கயித்த அது கட்டிக்கினுதானே இருந்துச்சு? வுழுந்தா நின்னுரும்னு சொன்னீங்களே. அப்புறம் ஏண்ணே நிக்கல?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். மாமா மே மாசம் வருகிறார், அவரே உனக்குச் சொல்லுவார் என்று சொல்லி அனுப்பினேன்.

மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. கட்டையில் மாட்டி என் வீட்டு வாசலில் நிற்க வைத்திருக்கிறேன், சாக்குப் போட்டு மூடி. மெக்கானிக்கையும் தொட விடவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். மாமா வந்து பார்ப்பார் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அஞ்சலாட்சியும் தினமும் வந்து தேதி கேட்டுவிட்டுப் போகிறாள். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், ஆண்கள் எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள்.

முழங்கால் வலித்தாலும் வாருங்கள். எத்தனை நாள் ஆனாலும் அந்தச் சக்கரத்தை உங்கள் கையால்தான் கழற்ற வேண்டும், அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். வரும்போது புல்லரை மறக்காமல் எடுத்துக்கொண்டு வரவும்.

தணிகாசலம்